ஊருணியில் கழிவுநீர் கலக்காமல் இருக்க ஊராட்சிக்கு என்ன நிதி உண்டு?

முற்றத்தில் விழும் மழைத்தண்ணீர் தெருக் கால்வாய் வழியாக ஊருணிக்குப் போய்ச் சேரும்படி கட்டப்பட்டவை செட்டிநாட்டு ஊர்கள். இப்போது பல ஊர்களில் அதே கால்வாயில் அடுப்படித் தண்ணீரும் குளியல் தண்ணீரும் ஓடுகின்றன. வீட்டுக்கு வீடு குழாய் வர வர இது கூடத்தான் செய்யும். ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அதில் பெரும்பகுதி புழங்கிய தண்ணீராக வெளியே வந்துவிடும்.

அந்தத் தண்ணீருக்கு வழி செய்வதையும் சேர்த்துத்தான் தூய்மை பாரத இயக்கத்தின் (ஊரகம்) இரண்டாம் கட்டம் 2020-21இல் வந்தது. 5,000 பேர் வரை உள்ள ஊருக்குத் தலைக்கு ரூ.280 வரை, அதற்கு மேற்பட்ட ஊருக்கு ரூ.660 வரை என்று உச்சவரம்பு வைத்தார்கள். இதில் 70 சதவீதம் இயக்கத்தின் பணம் என்றும், மீதி 30 சதவீதத்தை ஊராட்சி தனக்கு வரும் மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு மானியத்திலிருந்து போட வேண்டும் என்றும் வகுத்தார்கள். 1,500 பேர் உள்ள ஊர் என்றால் மொத்தம் ரூ.4,20,000 வரை. அதில் ஊராட்சியின் பங்கு ரூ.1,26,000.

பெரிய தொகை இல்லைதான். ஆனால் நிலத்தைப் பார்த்துச் செலவழித்தால் போதும். இங்கேதான் பல ஊர்களில் கோட்டை விடுகிறார்கள். தண்ணீர் இறங்கும் செம்மண்ணில் உறிஞ்சுகுழி நன்றாக வேலை செய்யும். கண்மாய் ஓரக் களிமண்ணில் நிரம்பி வழியும். குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். அடுப்படித் தண்ணீர் என்றால் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் தங்க முன்னால் ஒரு சிறு தொட்டி கட்டாயம் வேண்டும். அதை அவ்வப்போது வழிக்காவிட்டால் குழி அடைத்துக்கொள்ளும்.

தேவகோட்டையிலிருந்து தொண்டிப் பக்கம், கடலோரம் போனால் கதையே வேறு. கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறும் மணலில் உறிஞ்சுகுழி போட்டால் அழுக்கு நேராகக் கிணற்றுக்குத்தான் போகும். அங்கே அடியில் கசியாத தொட்டி கட்டி, சரளை பரப்பி, கல்வாழையோ நாணலோ வளர்த்து அதன் வழியாகத் தண்ணீரை விடுவதே நல்லது. சுத்திகரிக்காத கழிவுநீரைக் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் விட 2019 அறிவிக்கையின்படி தடையும் இருக்கிறது. கழிப்பறைத் தண்ணீரை எந்த ஊரிலும் தெருக் கால்வாயில் சேர்க்கக் கூடாது. அதற்குத் தனியாக இரட்டைக் குழியோ செப்டிக் டேங்கோ வேண்டும்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் எல்லாம் பேரூராட்சிகள். அவை தூய்மை பாரத இயக்கத்தின் நகர்ப்புறப் பிரிவில் வருவதால் மேலே சொன்ன கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

சரி, ஊராட்சியில் இருப்பவர்கள் எங்கே கேட்பது? கிராம சபையில்தான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களும் தமிழ்நாட்டில் கிராம சபை நாட்கள். உங்கள் தெருவின் கால்வாய் எந்த ஊருணியில் முடிகிறது என்பதைக் குறிப்பிட்டே தீர்மானம் போடச் சொல்லுங்கள். பொதுவாகச் ‘சுகாதாரப் பணி’ என்று எழுதினால் பணம் வேறு வேலைக்குப் போய்விடும். தூய்மை பாரத இரண்டாம் கட்டத்தின் காலத்தை முதலில் 2024-25 வரை என்றுதான் வகுத்தார்கள். ஆகவே தீர்மானத்தின் நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலரைப் பார்த்து, உங்கள் ஊர் வேலையை இப்போது எந்த நிதியில் எடுக்க முடியும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.