கல்லீரல் கட்டிய பொட்டலம்

பெருங்குடல் புற்றுநோய்க்கு இரினோடிகன் என்ற கீமோ மருந்தை ஏற்றிக்கொள்பவர்களுக்கு இரண்டு விதமான பேதி வரலாம். முதலாவது, டிரிப்ஸ் ஓடும்போதோ அன்றைக்கு இரவுக்குள்ளோ வந்துவிடும். வியர்த்துக் கொட்டும், எச்சில் ஊறும், வயிற்றை முறுக்கும். அட்ரோப்பின் ஊசி போட்டால் அடங்கிவிடும். இரண்டாவதுதான் பொல்லாதது. வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது ஆரம்பிக்கும். சிலரை மறுபடி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அடுத்த டோஸைக் குறைக்க வேண்டிவரும், சிலருக்கு மருந்தையே நிறுத்த வேண்டிவரும்.

மருந்து ஏறியது ரத்தத்தில். பிறகு இத்தனை நாள் கழித்துக் குடலில் என்ன கலாட்டா?

இரினோடிகனுக்கென்று பெரிய வீரியம் கிடையாது. உடம்புக்குள் போனதும் நம் நொதிகள் அதில் ஒரு துண்டை வெட்டி எறிந்து, எஸ்என்-38 என்ற பொருளாக மாற்றுகின்றன. இதன் வீரியம் மூல மருந்தைப்போல நூறு மடங்குக்கும் மேல். செல் பெருகும்போது டிஎன்ஏ இழை முறுக்கேறும்; அந்த முறுக்கை எடுக்க, இழையை வெட்டித் திரும்ப ஒட்டும் ஒரு நொதி உண்டு. எஸ்என்-38 அந்த நொதியைப் பாதி வேலையில் பிடித்து வைத்துக்கொள்ளும். வெட்டியது வெட்டியபடியே நிற்கும், செல் செத்துப்போகும். வேகமாகப் பெருகும் செல்லுக்குத்தான் அடி அதிகம். புற்றுசெல் அப்படிப்பட்டது. என்ன செய்வது, சில நாட்களுக்கொரு முறை புதுப்பித்துக்கொள்ளும் குடலின் உள்தோலும் அப்படிப்பட்டதுதான்.

கல்லீரல் இந்த விஷத்தைச் சும்மா விட்டுவைக்காது. குளுகுரோனிக் அமிலம் என்ற சர்க்கரை வகை மூலக்கூறை அதன் மேல் ஒட்டி, பொட்டலம் கட்டி, பித்தநீரோடு குடலுக்குள் தள்ளிவிடும். பொட்டலத்துக்குள் இருக்கும்வரை விஷம் வேலை செய்யாது. மலத்தோடு வெளியே போய்விட வேண்டியதுதான்.

ஆனால் போகிற வழியில் ஆட்கள் இருக்கிறார்கள். நம் உடம்பில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் குடியிருப்பதாகக் கணக்கு. அவற்றில் பெரும்பகுதி பெருங்குடலில்தான். அங்கே பலவற்றிடம் பீட்டா-குளுகுரோனிடேஸ் என்ற நொதி இருக்கிறது. மருந்தைப் பற்றி அவற்றுக்கு ஒரு கவலையும் இல்லை. வேண்டியது அந்தச் சர்க்கரை. நாவல்பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்புவதுபோல, சர்க்கரையைப் பிய்த்துத் தின்றுவிட்டு எஸ்என்-38ஐத் துப்பிவிடும். துப்புகிற இடம் குடல் சுவருக்குப் பக்கத்தில். கல்லீரல் அரும்பாடுபட்டுக் கட்டிய பொட்டலம் வாசலிலேயே அவிழ்ந்துவிடுகிறது. உள்தோல் உரிகிறது, அழற்சி கிளம்புகிறது, பேதி.

இந்த மருந்தின் பூர்வீகம் காம்டோதெசின் என்ற தாவரப் பொருள். அதை 1966இல் ஒரு சீன மரத்திலிருந்து பிரித்தவர்கள் மன்ரோ வால், மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வானி ஆகிய இருவர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு சிறு மரத்திலும் அதே பொருள் இருக்கிறது. அதைத் திருத்தி இரினோடிகனாக்கிய வேலையில் முக்கியப் பங்கு ஜப்பானின் யாகுல்ட் நிறுவனத்துக்கு. ஆமாம், குட்டி பாட்டிலில் குடல் பாக்டீரியா விற்கும் அதே யாகுல்ட்தான்.

சரி, ஆண்டிபயாடிக் கொடுத்து எல்லாப் பாக்டீரியாவையும் ஒழித்துவிட்டால்? குடலை மொட்டையடித்தால் பொல்லாத கிருமிகள் வந்து குடியேறும், வேறு தொல்லைகளும் உண்டு. அவற்றுக்குப் பின்னால் வருகிறேன். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் மேத்யூ ரெடின்போ குழு வேறு வழி பார்த்தது. பீட்டா-குளுகுரோனிடேஸ் மனித செல்லிலும் உண்டு. ஆனால் பாக்டீரியாவின் நொதியில் மட்டும் ஒரு சிறு வளையம் துருத்திக்கொண்டிருக்கிறது. அந்த வளையத்தில் போய் மாட்டும் மூலக்கூறுகளைத் தேடிப் பிடித்தார்கள். பாக்டீரியா சாகாது, மனித நொதிக்கும் ஒன்றும் ஆகாது, பொட்டலம் மட்டும் அவிழாது. எலிகளில் பேதி நின்றது. 2010இல் முடிவுகள் வெளிவந்தன. எலியில் நின்றது மனிதருக்கான மருந்துக்கடைக்கு வருவது வேறு கதை. இன்றைக்கும் பேதிக்குக் கொடுப்பது பெரும்பாலும் லோப்பரமைடுதான்.

அவிழ்ப்பது மட்டுமல்ல, சில பாக்டீரியாக்கள் மருந்தை உடைத்தும் போடும். கணையப் புற்றுநோய்க்குத் தரும் ஜெம்சிடபினைச் செயலிழக்கச் செய்யும் நொதி சில பாக்டீரியாக்களிடம் இருக்கிறது. 2017இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 113 கணையக் கட்டிகளைப் பார்த்தபோது 86இல் பாக்டீரியா இருந்தது.

இதெல்லாம் வேதியியல். மருந்தைத் தொடாமலே சிகிச்சையை மாற்றும் இன்னொரு வழி இருக்கிறது. அது பிடிபட்டது இரண்டு எலிப் பண்ணைகளால்.

சிகாகோவில் தாமஸ் கஜெவ்ஸ்கியின் ஆய்வகத்தில் ஒரே மரபு வகை எலிகளை ஜாக்சன், டாகோனிக் என்ற இரு பண்ணைகளிலிருந்து வாங்கியிருந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் அதே தோல் புற்றுசெல்லைச் செலுத்தினால், டாகோனிக் எலிகளில் கட்டி வேகமாக வளர்ந்தது, ஜாக்சன் எலிகளில் மெதுவாக. பிறகு இரண்டையும் ஒரே கூண்டில் வளர்த்தார்கள். வித்தியாசம் மறைந்துவிட்டது. எலிகள் ஒன்றன் புழுக்கையை மற்றது தின்னும். கூண்டில் கைமாறியது அதுதான். ஜாக்சன் எலியின் மலத்தைக் கரைத்து டாகோனிக் எலிக்குப் புகட்டியபோது, கட்டியைக் கட்டுப்படுத்துவதில் அது, நோயெதிர்ப்புப் படையை அவிழ்த்துவிடும் பிடி-எல்1 எதிர்ப்பு மருந்துக்குச் சமமாக வேலை செய்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் கட்டி கிட்டத்தட்ட வளரவே இல்லை. 2015இல் இது வெளியானபோது பெயர் சொல்லப்பட்ட பாக்டீரியா பிஃபிடோபாக்டீரியம்.

பிடி-எல்1 எதிர்ப்பு போன்ற மருந்துகள் புற்றுசெல்லை நேரடியாகக் கொல்வதில்லை. நோயெதிர்ப்புப் படையின் டி செல்களுக்குப் பிரேக் ஒன்று உண்டு. புற்றுசெல் அதை மிதித்துக்கொண்டிருக்கும். மருந்து அந்தக் காலை எடுத்துவிடும். ஆனால் பிரேக்கை எடுத்தால் போதுமா? வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டாமா? டி செல்லுக்கு எதிரியை அடையாளம் காட்டும் வேறு செல்கள் விழிப்போடு இருக்க வேண்டும், அந்த விழிப்பைக் கொடுப்பதில் குடலுக்குப் பங்கு இருக்கிறது. குடல் சுவரின் சளிப்படலத்துக்கு அந்தப் பக்கம் பாக்டீரியா, இந்தப் பக்கம் உடம்பின் பெரும் நோயெதிர்ப்புப் படை. இரவும் பகலும் இரு தரப்புக்கும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டே இருக்கும். நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பாக்டீரியா தயாரிக்கும் பியூட்டிரேட்தான் பெருங்குடல் உள்தோலின் முக்கிய எரிபொருள். அழற்சியை அடக்கிவைக்கும் செல்களை வளர்ப்பதும் அதுதான்.

எலியில் கண்டது மனிதரிலும் இருக்கிறதா என்று மூன்று குழுக்கள் தேடி, 2018 ஜனவரியில் ஒரே இதழில் முடிவுகளை வெளியிட்டன. பிரேக்கை எடுக்கும் மருந்து பலித்தவர்களின் குடலும் பலிக்காதவர்களின் குடலும் வேறுபட்டிருந்தன. எந்த பாக்டீரியாவால் என்று கேட்டால் பாரிஸ் குழு அக்கர்மான்சியா என்றது, ஹூஸ்டன் குழு ஃபீகலிபாக்டீரியத்தைக் காட்டியது, சிகாகோ குழு பிஃபிடோபாக்டீரியம் என்றது. ஆளுக்கொரு பெயர். வெவ்வேறு பாக்டீரியாக்கள் ஒரே வேலையைச் செய்ய முடியும் என்பதால், பெயரைவிட வேலையைத் தேடுவதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. பாரிஸ் குழு இன்னொன்றையும் கண்டது: சிகிச்சை தொடங்கும் சமயத்தை ஒட்டி ஆண்டிபயாடிக் எடுத்தவர்களுக்குப் பலன் குறைவு. இதைப் படித்துவிட்டு யாரும் கீமோ காய்ச்சலுக்கு ஆண்டிபயாடிக் வேண்டாம் என்று அடம்பிடிக்கக் கூடாது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது வரும் காய்ச்சல் உயிரையே எடுத்துவிடும்.

எலிக்குப் புழுக்கை என்றால் மனிதருக்கு? அதையும் செய்தார்கள். மருந்து பலித்த தோல் புற்றுநோயாளிகளின் மலத்தை, பலிக்காத நோயாளிகளின் குடலுக்குள் செலுத்தி, அதே மருந்தை மறுபடி கொடுத்தார்கள். 2021இல் இஸ்ரேலில் 10 பேரில் 3 பேருக்கும், பிட்ஸ்பர்க்கில் 15 பேரில் 6 பேருக்கும் பலன் தெரிந்தது. சின்ன எண்கள்தான். ஆனாலும் அதே மருந்து அவர்களிடம் ஏற்கெனவே தோற்றிருந்தது.

இவ்வளவு சொன்னபிறகு, ‘நல்ல பாக்டீரியா’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் தேவலை. பிரேக்கை எடுக்கும் மருந்துகளுக்கே உரிய பக்கவிளைவு குடல் அழற்சி. அவிழ்த்துவிட்ட படை சொந்தக் குடலையே கடிக்கும். இபிலிமுமாப் என்ற அப்படியொரு மருந்தை எடுத்த 26 பேரைப் பிரான்சில் கவனித்தபோது, ஃபீகலிபாக்டீரியம் அதிகம் இருந்தவர்களுக்குப் புற்றுநோய் நீண்ட காலம் கட்டுக்குள் இருந்தது. அவர்களுக்குத்தான் குடல் அழற்சியும் அதிகம் வந்தது. ஹூஸ்டனில் இப்படி அழற்சி வந்து ஸ்டீராய்டுக்கும் மசியாத இருவருக்கு, ஆரோக்கியமானவர்களின் மலத்தைச் செலுத்திக் குணப்படுத்தினார்கள். மலம் என்றால் இளக்காரம் வேண்டாம். 2019இல் அமெரிக்காவில் தானமாகப் பெற்ற மலத்தில் மருந்துக்கு அடங்காத ஈ.கோலி பாக்டீரியா இருந்து ஒரு நோயாளி இறந்திருக்கிறார்.

அப்படியானால் கடையில் பாக்டீரியாவை அடைத்து விற்கும் புரோபயாடிக் மாத்திரை? ஹூஸ்டன் குழு தோல் புற்றுநோயாளிகள் 128 பேரின் சாப்பாட்டை விசாரித்தது. தினம் 20 கிராமுக்குக் குறையாமல் நார்ச்சத்து சாப்பிட்டவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்த காலம் அதிகம். ஒவ்வொரு 5 கிராம் கூடும்போதும், நோய் முற்றும் அல்லது உயிர்போகும் அபாயம் 30 சதவீதம் குறைந்திருந்தது. புரோபயாடிக் எடுத்தவர்களுக்கு அப்படியொரு அனுகூலம் தெரியவில்லை. எலிகளில் அது சிகிச்சையைக் கெடுக்கவே செய்தது. ஒரு கோப்பை வேகவைத்த கொண்டைக்கடலையில் சுமார் 12 கிராம் நார்ச்சத்து, அதே கோப்பை வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம்கூட இல்லை. ஆனால் இரினோடிகன் ஏற்றி, பேதி பிடித்துக்கொண்டவர் முன்னால் சுண்டல் கிண்ணத்தை நீட்டாதீர்கள். அந்த நாட்களில் அவருக்குக் குழைந்த கஞ்சிதான் சரி.