துப்பிய தண்ணீரில் இருந்த வேகம்

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நாற்பதைத் தாண்டிய பிறகு ஓடத் தொடங்கியவர். மூன்று மாரத்தான் முடித்திருக்கிறார். மூன்றிலும் ஒரே கதை. 32-வது கிலோமீட்டர் வரை சீராக ஓடுகிறார், அதன்பின் கால் கல்லாகிவிடுகிறது, மீதியை நடந்தே கடக்கிறார். "உங்களுக்கு மனவலிமை போதவில்லை என்கிறார் பயிற்சியாளர். வலிப்பது கால். மனத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மனவலிமை என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா, அல்லது தோற்றவன் தலையில் கட்டும் பழியா?" என்று கேட்கிறார். கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் சொல்கிறார்: "ஆனால் முடிவுக்கோட்டுக்கு 300 மீட்டர் முன்னால் மகள் கையசைப்பதைப் பார்த்ததும் எப்படியோ ஓடிவிட்டேன்."

பயிற்சியாளரின் குற்றச்சாட்டில் பாதியை முதலில் தள்ளுபடி செய்துவிடலாம். ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1 கிலோகலோரி செலவாகும். 65 கிலோ மனிதருக்கு மாரத்தானின் 42 கிலோமீட்டர் முழுவதற்கும் 2,700 கிலோகலோரி வேண்டும். தசையிலும் கல்லீரலிலும் நாம் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பாகச் சேர்த்து வைத்திருப்பது ஏறக்குறைய 2,000. மீதிக்குக் கொழுப்பு எரிய வேண்டும். அது மெதுவாகத்தான் எரியும். கிளைகோஜன் தீரத் தொடங்கும் இடம் பலருக்கு 30 கிலோமீட்டரைச் சுற்றித்தான் வருகிறது. அந்த இடத்தில் முந்தைய இரவு சாப்பிட்ட சோற்றைப் பற்றிப் பேச வேண்டுமே தவிர, மனத்தைப் பற்றி அல்ல.

மீதிப் பாதிதான் சுவாரசியமானது. கால் உண்மையிலேயே காலியாகிவிட்டது என்றால், மகளைப் பார்த்ததும் ஓடிய அந்த 300 மீட்டர் எங்கிருந்து வந்தது?

இது கோவைக்காரருக்கு மட்டும் நடந்த அதிசயமன்று. 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்களின் உலக சாதனைகளைக் கிலோமீட்டர் வாரியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். கடைசிக் கிலோமீட்டரில் ஓட்டக்காரர்கள் திரும்பவும் வேகமெடுக்கிறார்கள். சாதாரண மக்கள் ஓடிய சுமார் 98 லட்சம் மாரத்தான் நேரங்களை வரைபடமாக்கிய ஆய்வு ஒன்று 2017-இல் வந்தது. 3 மணி நேரம், 4 மணி நேரம் ஆகிய இடங்களுக்குச் சற்று முன்னால் கூட்டம் குவிகிறது, தாண்டியதும் சட்டென்று வடிகிறது. நம் தசைக்கு 4 மணி என்ற எண் தெரியுமா என்ன? லாக்டிக் அமிலம் கடிகாரம் பார்க்குமா?

இன்னும் வெட்டவெளிச்சமான சோதனை ஒன்று உண்டு. சாமுவேலே மார்கோரா என்ற இத்தாலிய ஆய்வாளரும் சகா ஒருவரும் ரக்பி வீரர்களைச் சைக்கிள் எந்திரத்தில் உட்கார வைத்து, 242 வாட் அளவில் இனி மிதிக்கவே முடியாது என்று நிற்கும்வரை மிதிக்கச் சொன்னார்கள். நின்ற மறுகணமே, "ஐந்தே விநாடி, முழு பலத்தையும் காட்டுங்கள்" என்றார்கள். 242 வாட் முடியாது என்று நின்ற அதே கால்கள் சராசரியாக 731 வாட் கொடுத்தன. மூன்று மடங்கு! தசை களைத்திருந்தது உண்மை, புதிதாக இருந்தபோது அதே கால்கள் 1,000 வாட்டுக்கு மேல் கொடுத்திருந்தன. ஆனால் நிற்க வைத்தது தசையன்று.

பிறகு எது? இங்கே அறிஞர்களுக்குள் சண்டை. உடம்பை ஆபத்திலிருந்து காக்க மூளை நமக்குத் தெரியாமலே தசைகளுக்கு அளவு வைக்கிறது என்பது தென்னாப்பிரிக்காவின் டிம் நோக்ஸின் கட்சி. அப்படி ஒரு ரகசியக் காவலாளி தேவையில்லை, எவ்வளவு சிரமப்படுகிறோம் என்ற உணர்வும் எவ்வளவு சிரமப்பட ஒத்துக்கொள்கிறோம் என்பதும் சந்திக்கும் இடத்தில் நாமே நின்றுவிடுகிறோம் என்பது மார்கோராவின் கட்சி. எனக்கு இரண்டாவது பக்கம் சாய்வு உண்டு. காரணம் 2009-இல் அவர் குழு செய்த ஒரு சோதனை. 90 நிமிடம் கணினித் திரையில் எழுத்துகளைக் கவனித்துப் பொத்தானை அழுத்தும் சலிப்பான வேலை ஒரு நாள். இன்னொரு நாள் அதே 90 நிமிடம் ரயிலையும் காரையும் பற்றிய ஆவணப்படம். பிறகு சைக்கிள். படம் பார்த்த நாளில் 754 விநாடி தாக்குப்பிடித்தவர்கள், மூளை களைத்த நாளில் 640 விநாடியில் நின்றார்கள். இதயத்திலோ இரத்தத்திலோ அதை விளக்கும் வேறுபாடு கிடைக்கவில்லை. முதல் நிமிடத்திலிருந்தே சிரமம் மட்டும் கூடுதலாகத் தெரிந்தது. போட்டிக்கு முந்தைய நாள் இரவு பத்து மணிவரை அலுவலகக் கணக்கோடு மல்லுக்கட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

ஒரு மணி நேரம் நீளும் கடும் உழைப்பில் சர்க்கரைத் தண்ணீர் குடித்தால் வேகம் கூடுகிறது என்று கண்டிருந்தார்கள். கணக்குப் போட்டால் இதில் அர்த்தமே இல்லை. ஒரு மணி நேரத்துக்குத் தேவையான கிளைகோஜன் தசையிலேயே இருக்கிறது. குடித்த சர்க்கரையில் அதற்குள் எரிவதும் சில கிராம்தான். பிரிட்டனின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் சர்க்கரையை நேராக இரத்தக் குழாயில் ஏற்றிப் பார்த்தார்கள். இரத்தத்தில் சர்க்கரை ஏறியது, வேகம் ஏறவில்லை.

அடுத்து அவர்கள் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வாயில் ஊற்றி, ஐந்து விநாடி கொப்பளித்து, துப்பிவிடச் சொன்னார்கள். மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற தூளைக் கரைத்த நீர் அது. கிட்டத்தட்ட சுவையே இருக்காது. ஒரு சொட்டுகூட வயிற்றுக்குப் போகவில்லை. ஒரு மணி நேரத்தில் முடிக்கும் சைக்கிள் ஓட்டத்தை, வெறும் தண்ணீரைக் கொப்பளித்த நாளைவிட ஏறக்குறைய இரண்டு நிமிடம் முன்னதாக முடித்தார்கள். சராசரியாக 2.9 சதவீதம். இரத்தத்தில் ஏற்றிய சர்க்கரையால் முடியாததைத் துப்பிய தண்ணீர் செய்துவிட்டது. 2004-இல் வெளியான ஆய்வு இது.

இனிப்பின் மயக்கமாக இருக்குமோ? 2009-இல் அதே குழு அதையும் பார்த்தது. எல்லா நீரிலும் செயற்கை இனிப்பைக் கலந்து, நாக்குக்கு வித்தியாசம் தெரியாதபடி செய்தார்கள். அப்போதும் மாவுச்சத்து கலந்த நீர் மட்டும் வேலை செய்தது. மூளையைப் படம் எடுத்தபோது, பலனை எதிர்பார்த்து மகிழும் பகுதிகள் குளுக்கோஸுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரினுக்கும் விழித்துக்கொண்டன. சாக்கரின் என்ற வெறும் செயற்கை இனிப்புக்கு அவை அசைந்து கொடுக்கவில்லை. ஆக, நாக்கு 'இனிப்பு' என்று சொல்வதோடு நிற்கவில்லை, 'தீனி வருகிறது' என்றும் தனியாக ஒரு தகவல் அனுப்புகிறது. அதை அனுப்பும் உணர்வி எது என்பது இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

சின்ன வயதில் மாதக் கடைசிகளில் எங்கள் வீட்டு அரிசி டின்னின் அடி தெரியும். அம்மா ஆழாக்கால் அளந்து, விளிம்பைக் கையால் வழித்துவிட்டுப் போடுவார். வாசலில் கடைப்பையன் மூட்டையை இறக்கும் சத்தம் கேட்டால் போதும், வழிக்காமல் கோபுரமாக ஒரு ஆழாக்கு கூடுதலாக உலைக்குப் போகும். மூட்டை இன்னும் பிரிக்கப்படவில்லை, ஆனாலும் கை தாராளமாகிவிட்டது. கொப்பளிக்கும்போது மூளையில் நடப்பது ஏறத்தாழ இதுதான். மூட்டை திரும்பிப் போய்விட்டதே என்று மூளை கோபித்துக்கொள்வதில்லை. அடுத்த முறையும் ஏமாறுகிறது. காலி வயிற்றில் பலன் கூடுதல்; நன்றாகச் சாப்பிட்டவர்களிடம் சில சோதனைகளில் பலனே தெரியவில்லை. டின் நிறைந்திருந்தால் மூட்டைச் சத்தத்துக்கு யார் காது கொடுக்கிறார்கள்? மகள் கையசைத்ததும் இதே வகைதான்: "மாதம் முடிந்துவிட்டது, இருப்பதைப் போட்டுச் சமைக்கலாம்" என்ற செய்தி.

என் பாட்டி பழனி மலைப்படி ஏறும்போது முந்தானையில் முடிந்த கற்கண்டை ஒவ்வொன்றாக வாயில் அடக்கிக்கொள்வார். முருகன் ஏற்றிவிட்டான் என்பார். அவர் அதை விழுங்கவும் செய்தார் என்பதால் ஆய்வுச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. முருகனோடு வழக்காடும் உத்தேசமும் எனக்கில்லை.

அப்படியானால் அந்தக் கஞ்சக் கையைத் தட்டிவிட்டால் போதுமே என்று தோன்றும். தட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஃபென்டானில் என்ற வலிமருந்தை முதுகுத்தண்டில் செலுத்தி, காலிலிருந்து மூளைக்குப் போகும் செய்தியை மறித்துவிட்டு 5 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். பறந்தார்கள், பாதிவரை. பிறகு துவண்டார்கள். மொத்த நேரத்தில் லாபமில்லை. இறங்கியபின் சிலருக்கு நடப்பதே கஷ்டமாக இருந்தது. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே விலை இன்னும் பெரியது. 1967 ஜூலை 13 அன்று டூர் த பிரான்ஸ் சைக்கிள் போட்டியில் வான்டூ மலையேற்றத்தில் கொளுத்தும் வெயிலில் ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கமருந்தை எடுத்துக்கொண்டு மிதித்த பிரிட்டன் வீரர் டாம் சிம்ப்சன், விழுந்து, மீண்டும் ஏறி, மீண்டும் விழுந்து இறந்துபோனார். சிரமம் என்பது பகையன்று, தகவல்.

அதனால்தான் மேடைப் பேச்சாளர்கள் மேல் எனக்கு எரிச்சல். மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்ற பொய்க்குப் பக்கத்தில் பிரிட்டன் ஓட்டக்காரர் ரோஜர் பேனிஸ்டரையும் நிறுத்திவிடுகிறார்கள்: நாலு நிமிடத்தில் ஒரு மைல் இயலாது என்று உலகமே நம்பியது, அவர் நம்ப மறுத்தார், தடை உடைந்தது! 1945-லேயே ஸ்வீடனின் குண்டர் ஹேக் 4 நிமிடம் 1.4 விநாடியில் ஓடியாகிவிட்டது. பாக்கி இருந்தது ஒன்றரை விநாடி. 1954 மே 6 அன்று பேனிஸ்டர் 3:59.4-இல் ஓடியபோது முன்னால் வேகம் அமைத்துக்கொடுக்க இரண்டு நண்பர்கள் இருந்தார்கள், பின்னால் ஆண்டுக்கணக்கான பயிற்சி இருந்தது. நம்பிக்கை கடைசி ஆழாக்குதான்.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. மேலே சொன்ன சோதனைகள் பெரும்பாலும் குளிர்நாட்டு ஆய்வுக்கூடங்களில், இளைஞர்களை வைத்து, சைக்கிளில் நடந்தவை. ஏப்ரல் மாதக் கடற்கரைச் சாலைப் புழுக்கத்தில் ஓடும் நாற்பத்தைந்து வயதுப் பெண்ணின் சிரம உணர்வை அளக்க நம் ஊரில் யார் பணம் கொடுக்கிறார்கள்? பதக்கம் வாங்கிய பிறகு கோடிகளை அறிவிப்பதில் ஒரு துளியை ஒரு வெப்ப அறைக்கும் நாலு ஆராய்ச்சி மாணவர்களுக்கும் முன்கூட்டியே ஒதுக்கலாம்.

சரி, கோவைக்காரர் என்ன செய்யலாம்? முதலில், வழியில் சாப்பிடுங்கள். போட்டியில் துப்பாமல் விழுங்குங்கள். நீண்ட பயிற்சி ஓட்டங்களில் கடைசி நாலைந்து கிலோமீட்டரைச் சற்று வேகமாக ஓடிப் பழகுங்கள். களைப்புக்குப் பிறகும் கையிருப்பு உண்டு என்பது மூளைக்கு அனுபவத்தால்தான் தெரியும், உபதேசத்தால் தெரியாது. பிறகு, பேசிப் பழகுங்கள், உங்களோடு. சைக்கிள் மிதிக்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சொற்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வாரம் பயிற்சி எடுத்தவர்கள் 18 சதவீதம் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள் என்று 2014-இல் ஓர் ஆய்வு சொன்னது. அதைவிட நுட்பமானது 2019-இல் வந்தது: 10 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்தில் "என்னால் முடியும்" என்று சொல்லிக்கொண்டபோது இருந்ததைவிட, "உன்னால் முடியும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டபோது 2.2 சதவீதம் வேகம் கூடியிருந்தது. தன் நெஞ்சை எதிரே நிறுத்தி 'நீ' என்று கூப்பிட்டுப் பேசுவது தமிழில் ஆயிரம் இரண்டாயிரம் ஆண்டு வழக்கம். காதலில் தவித்தவர்களும் பேசினார்கள், சித்தர்களும் பேசினார்கள். ஓடிக்கொண்டே பேசினார்களா என்று தெரியாது.

அடுத்த மாரத்தான் முடிந்ததும் நேரத்தை எழுத வேண்டாம். 32-வது கிலோமீட்டரில் உங்களை நீங்கள் 'நான்' என்றீர்களா, 'நீ' என்றீர்களா, அதை மட்டும் எழுதுங்கள்.