கடைப் பெயர் உங்களுடையது, டொமைன் யாருடையது?

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒருவர் புதிதாகக் கடை போடுகிறார் என்றால், பெயர்ப்பலகையை முடிவு செய்யவே நாள் கணக்கில் யோசிப்பார். என்ன நிறம், எவ்வளவு பெரிய எழுத்து, தமிழ் மேலேயா ஆங்கிலம் மேலேயா என்று வீட்டில் எல்லோரையும் கேட்பார். டொமைன், அதாவது இணைய முகவரிப் பெயர் பற்றிய பேச்சு வந்தால் மட்டும், "அதை நீங்களே பார்த்து ஏதாவது போட்டுடுங்க தம்பி" என்று முடித்துவிடுவார். சிறு கடைகளுக்கும் சங்கங்களுக்கும் இணையதளம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். பிற்பாடு வரும் பாதித் தொல்லைகள் அந்த ஒரு வாக்கியத்தில்தான் தொடங்குகின்றன.

டொமைனை யாரும் விலைக்கு வாங்குவதில்லை, ஆண்டுக் கணக்கில் குத்தகைக்கு எடுக்கிறோம். கடை வாடகை ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் வாடகைதாரர், கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் இல்லை. டொமைனும் அப்படியே. தொழில்களைப் பதியும் அரசு அமைப்பான ஏக்ராவில் தொழில் பெயரைப் பதிந்துவிட்டேன், எனவே டொமைனும் எனக்குத்தான் என்று பலர் நம்புகிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஏக்ரா பதிவு வேறு, அறிவுசார் சொத்து அலுவலகமான ஐபோஸில் பதியும் வணிகக்குறி வேறு, டொமைன் வேறு. மூன்றையும் தனித்தனியாகத்தான் எடுக்க வேண்டும்.

டன்லப் ஸ்திரீட் பக்கம் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு அக்கா புதுத் தளம் வேண்டும் என்று வந்தார். பழைய தளத்தைச் செய்து கொடுத்த பையன் வெளிநாடு போய்விட்டான், தொலைபேசி எண்ணும் மாறிவிட்டது. பதிவு விவரத்தைத் தேடினால் உரிமையாளர் இடத்தில் அவன் பெயர், தொடர்புக்கு அவனுடைய ஜிமெயில். அக்காவிடம் இருந்ததெல்லாம், 'வெப்சைட், டொமைன், ஹோஸ்டிங்' என்று மூன்றையும் ஒரே வரியில் போட்டு ஒரே தொகை எழுதிய ஒரு ரசீது. அந்தப் பையன் கெட்டவன் இல்லை. தன் கணக்கிலேயே வாங்கிப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்திருப்பான். ஆனால் பை, விசிட்டிங் கார்டு, கடைக் கண்ணாடி என்று எல்லாவற்றிலும் அந்த முகவரியை அச்சடித்துவிட்டார் அக்கா. அவனைத் தேடிப் பிடிக்கும் வரை ஒன்றும் செய்ய முடியவில்லை.

இதற்கு வழக்கு வழி இல்லாமல் இல்லை. டாட் காம் போன்றவற்றுக்கு உலக அளவில் டொமைன் விதிகளைப் பார்த்துக்கொள்ளும் ஐகான் அமைப்பு 1999-இல் கொண்டுவந்த தகராறுத் தீர்வு முறை உண்டு. உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் ஒரே நடுவரை வைத்து நடத்தவே கட்டணம் 1,500 அமெரிக்க டாலரில் தொடங்குகிறது. சிங்கப்பூருக்கான டாட் எஸ்ஜி பெயர்களுக்குத் தனி முறை இருக்கிறது, அதைச் சிங்கப்பூர் சமரச மையம் நடத்துகிறது. எதுவானாலும், எதிராளி கெட்ட நோக்கத்தோடு பெயரை வைத்திருக்கிறார் என்று காட்ட வேண்டும். நீங்களே சொல்லி, நீங்களே காசு கொடுத்து அவர் வாங்கிய பெயர் என்றால் அதைக் காட்டுவது எளிதா? அந்தச் செலவிலும் அலைச்சலிலும் நூறில் ஒரு பங்கு போதும், தொடக்கத்திலேயே சரியான பெயரில் பதிந்துவிடலாம்.

பெயரைத் தேர்ந்தெடுப்பதில் நம் ஆட்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கடைப் பெயர் தமிழ், முகவரி ஆங்கில எழுத்து. 'யாழ்' என்று பெயர் வைத்தால் ஒருவர் ழகரத்துக்கு 'இசட் எச்' போடுவார், இன்னொருவர் 'எல்' போடுவார். நெடிலுக்கு ஒரு 'ஏ'வா இரண்டா? 'தமிழ்' என்ற சொல்லையே ரோமன் எழுத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறோம். வானொலியில் விளம்பரம் கொடுத்தால், கேட்டவர் தட்டச்சு செய்யும்போது வேறு எங்காவது போய் நிற்பார். அதனால் வாடிக்கையாளர்களிடம் ஒரு சோதனை செய்யச் சொல்வேன். வீட்டில் வயதான ஒருவருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை ஒருவருக்கும் தொலைபேசியில் பெயரை ஒரே ஒரு தடவை சொல்லுங்கள், எழுத்துக்கூட்டிச் சொல்லாதீர்கள். இருவரும் ஒரே மாதிரி எழுதினால் அந்தப் பெயரை எடுக்கலாம். ஆளுக்கொரு விதமாக எழுதினால், பெயரைச் சுருக்குங்கள், இல்லையென்றால் இரண்டு எழுத்துமுறையையும் வாங்கி ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடுங்கள். நடுவில் கோடு வைத்த பெயர் வேண்டவே வேண்டாம். கோட்டை வாயால் சொல்லும் பழக்கம் யாருக்கும் இல்லை.

பெரியவர்களும் இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துத்தான் படித்தார்கள். ஃபேஸ்புக் தொடக்கத்தில் பெயருக்கு முன்னால் 'தி' சேர்த்துத்தான் ஓடியது. 2005-இல் 2 லட்சம் டாலர் கொடுத்து அந்த 'தி' இல்லாத முகவரியை வாங்கினார்கள். டெஸ்லா 2016 வரை 'டெஸ்லா மோட்டார்ஸ்' என்ற முகவரியில்தான் இருந்தது. வெறும் 'டெஸ்லா டாட் காம்' கைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது என்றும் 1.1 கோடி டாலர் செலவானது என்றும் எலான் மஸ்க் பின்னாளில் சொன்னார். கார் மட்டும் விற்கும் நிறுவனம் என்ற எல்லையை முகவரியே போட்டுவிடக் கூடாது என்பதற்கு அவர்கள் கொடுத்த விலை அது. இடியப்பம் மட்டும் விற்கும்போது 'இடியப்பம்' என்று முகவரி எடுத்துவிட்டு, பிறகு விருந்துச் சமையலுக்கு மாறும் கடைக்காரருக்கும் இதே சங்கடம்தான்.

அப்புறம் முகவரியின் கடைசியில் வரும் வால் பகுதி. டாட் காம் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். டாட் காம் டாட் எஸ்ஜி எடுக்க இங்கே வணிகப் பதிவு வேண்டும். டாட் ஆர்க் டாட் எஸ்ஜி, பதிவு பெற்ற சங்கங்கள் போன்ற அமைப்புகளுக்கு உரியது. டாட் எஸ்ஜி பெயர்களை நிர்வகிப்பது தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையமான ஐஎம்டிஏவின் கீழ் இயங்கும் எஸ்ஜிநிக். பதிந்த பிறகு நிர்வாகத் தொடர்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் வரும், அவர் 21 நாளுக்குள் சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளம் வழியாக உள்ளே போய்த் தன்னை உறுதிப்படுத்த வேண்டும். தவறினால் பெயர் முடக்கப்படும். தளமும் நிற்கும், அந்த முகவரியில் இருக்கும் மின்னஞ்சலும் நிற்கும். "நேற்று வரை ஓடியது, இன்றைக்குக் காணோம்" என்று பதறி வரும் அழைப்புகளில் இந்த மின்னஞ்சல் குப்பைப் பெட்டியில் கிடந்த கதை அடிக்கடி வரும். என்னைக் கேட்டால், இந்தக் கெடுபிடி நல்லது. உள்ளூர் ஆள் ஒருவர் தன் சிங்பாஸை வைத்துப் பொறுப்பேற்ற பெயர் என்பதால்தான் டாட் எஸ்ஜிக்கு ஒரு மதிப்பு. இங்கே நேரில் வாங்க வருபவர்களை நம்பிய கடைக்கு டாட் எஸ்ஜிதான் முதலில், டாட் காம் கிடைத்தால் அதையும் சேர்த்து எடுக்கலாம். கிவிங் டாட் எஸ்ஜி, பார்க்கிங் டாட் எஸ்ஜி இரண்டையும் பாருங்கள். பெயரைச் சொன்னாலே முகவரியும் வந்துவிடுகிறது, நன்கொடை தரும் இடமா கார் நிறுத்தும் வேலையா என்பதும் புரிந்துவிடுகிறது.

இயக்கங்களுக்கு இது இன்னும் முக்கியம். கடைக்காவது ஒரு வாசல் இருக்கிறது. பல இயக்கங்களுக்கு முகவரிதான் வாசல். பருவநிலை இயக்கமான 350 டாட் ஆர்க்கின் பெயரே அதன் முகவரிதான். காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 350 பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற கோரிக்கையை அந்த எண்ணிலேயே வைத்துவிட்டார்கள். எந்த மொழிக்காரரும் எழுத்துப் பிழை இல்லாமல் தட்டச்சு செய்யலாம். இதற்கு நேர் எதிர் உதாரணமும் உண்டு. 2015-இல் அமெரிக்க அதிபர் வேட்பாளர் போட்டியில் இருந்த ஜெப் புஷ்ஷின் பெயரையே டாட் காமோடு சேர்த்துத் தட்டினால், போட்டியாளர் டிரம்பின் பிரசாரத் தளம் திறந்தது. புஷ் தரப்பு வேறு முகவரியை வைத்துக்கொண்டு, ஆட்கள் முதலில் தட்டும் முகவரியைக் கைக்குள் வைக்கத் தவறிவிட்டது.

டாட் ஆர்க் என்றால் தொண்டு நிறுவனம்தான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதையும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நன்கொடை கேட்டு வரும் தளத்தின் வாலைப் பார்த்து நம்பாமல், அறநிறுவனங்களுக்கான அரசுத் தளத்தில் அமைப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வாலே கைமாறப் பார்த்த கதையும் உண்டு. டாட் ஆர்க்கை நிர்வகிக்கும் அமைப்பை ஈத்தோஸ் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குச் சுமார் 113 கோடி டாலருக்கு விற்க 2019-இல் முயற்சி நடந்தது. உலகம் முழுவதும் தொண்டு அமைப்புகள் எதிர்த்துக் குரல் கொடுத்தன. 2020 ஏப்ரலில் ஐகான் அனுமதி மறுத்தது. அப்படி எதிர்க்கவில்லை என்றால் கட்டணமும் விதிகளும் லாபக் கணக்கில் மாறியிருக்கும் என்ற பயம் எனக்கும் இருந்தது.

நம் சங்கங்களில் நான் அதிகம் பார்ப்பது ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு டொமைன் வாங்கும் பழக்கம். மாநாடு, கலைவிழா, குடமுழுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் புதுப் பெயர், ஒரு வருடம் கழித்து யாரும் புதுப்பிப்பதில்லை. காலாவதியான டாட் காம் உடனே போய்விடாது. பெயரைப் பதிந்து தரும் பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை கிடக்கும். அப்புறம் 30 நாள் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதுவும் போனால் ஐந்து நாளில் சந்தைக்கு வந்துவிடும். பழைய பெயர்களுக்காகவே காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மற்ற தளங்களிலிருந்து அதற்கு வரும் இணைப்புகளுக்கு விலை இருக்கிறது. ஒரு விழா மலரின் கடைசிப் பக்கத்தில் இருந்த கியூஆர் குறியை ஒருவர் எனக்கு அனுப்பினார். திறந்தால் இணையச் சூதாட்டப் பக்கம். மலரில் பெரியவர்களின் வாழ்த்துரை எல்லாம் இருக்கிறது, நூலகத்திலும் பிரதி இருக்கிறது, அதை இனி யாரால் திருத்த முடியும்? சங்கத்தின் முதன்மை முகவரிக்குள்ளேயே அந்த விழாவுக்கு ஒரு பக்கம் திறந்திருந்தால் ஒரு காசு கூடுதல் செலவில்லை.

தளத்தைவிட மின்னஞ்சல் ஆபத்து பெரிது. கைவிட்ட பெயரை வாங்கியவர் அதில் பழைய செயலாளரின் மின்னஞ்சலை மறுபடி உருவாக்கலாம், 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று அழுத்தினால் ஃபேஸ்புக் பக்கம் வரை அவர் கைக்குப் போகலாம். பெரிய நிறுவனங்களும் புதுப்பிக்க மறந்திருக்கின்றன. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட் டாட் காம் கட்டணத்தைக் கட்டத் தவறி, ஹாட்மெயிலில் பலர் நுழைய முடியாமல் போனது. சம்பந்தமே இல்லாத ஒரு நிரலாளர் 35 டாலரைத் தன் அட்டையில் கட்டினார், சேவை திரும்பியது. அவர் நல்ல மனிதர்.

2021 கடைசியில் இங்கே வங்கி பெயரில் குறுஞ்செய்தி அனுப்பி நடந்த மோசடி எல்லோருக்கும் நினைவிருக்கும். ஏறக்குறைய 790 பேர் 1.37 கோடி வெள்ளியை இழந்தார்கள். அதற்குப் பிறகு வங்கிகள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் இணைப்பு வைக்கக் கூடாது என்று விதி வந்தது. உங்கள் கடை முகவரியைப் போலவே இன்னொன்றைச் செய்வதும் அதே வித்தைதான். வாடிக்கையாளர்களுக்கு ஒரு பழக்கத்தைச் சொல்லிக் கொடுங்கள்: முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த முதல் சாய்கோடு வரைக்கும் பார்த்து, அங்கிருந்து பின்னோக்கிப் படியுங்கள். பெரும்பாலான அரசுத் தளங்களில் அந்த இடத்தில் டாட் ஜிஓவி டாட் எஸ்ஜி இருக்கும். முன்னால் எவ்வளவு நல்ல பெயர் இருந்தாலும், வால் வேறாக இருந்தால் அது வேறு ஆள்.

தமிழிலேயே முகவரி வைக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. வைக்கலாம், அதில் இந்த ஊருக்குப் பெருமையும் இருக்கிறது. 1997-இல் நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ் இணைய மாநாடு நடத்தியது இங்கேதான். ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் டொமைன் வைப்பதற்கான முன்னோடிப் பணியை 1998-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீயின் குழு செய்தது. 2011 முதல் '.சிங்கப்பூர்' என்ற வாலே இருக்கிறது. முழு முகவரியும் தமிழில். ழகரச் சிக்கலெல்லாம் அங்கே இல்லை. ஆனால் சில மின்னஞ்சல் சேவைகளும் படிவங்களும் தமிழ் முகவரியை இன்றைக்கும் ஏற்பதில்லை, சில இடங்களில் அது 'எக்ஸ் என்' என்று தொடங்கும் புரியாத எழுத்து வரிசையாகத் தெரியும். எனவே டாட் எஸ்ஜியோடு கூட இதையும் எடுத்து அங்கே திருப்பிவிடுங்கள். தமிழ் அமைப்புகளாவது இதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. பயன்படுத்துபவர் இல்லை என்றால் எந்தச் சேவையும் அதற்காக மெனக்கெடாது.

உங்கள் டொமைன் டாட் எஸ்ஜி என்றால் எஸ்ஜிநிக் தளத்தில் ஹூயிஸ் என்ற பதிவு விவரத் தேடலில் போட்டுப் பாருங்கள், பதிவுபெற்றவர் பெயர் வரும். டாட் காம் என்றால் பெரும்பாலும் பெயர் மறைந்திருக்கும், பதிவு நிறுவனத்தின் கணக்கைத் திறந்துதான் பார்க்க வேண்டும். கணக்கே உங்களிடம் இல்லை என்றால், செய்து கொடுத்தவரை, தொடர்பு இருக்கும்போதே, இந்த வாரமே அழைத்து மாற்றச் சொல்லுங்கள். தொடர்பு மின்னஞ்சலாக அதே டொமைனில் உள்ள முகவரியைக் கொடுக்காதீர்கள், பெயர் முடங்கினால் எச்சரிக்கைக் கடிதமும் வந்து சேராது. சங்கம் என்றால், ஆண்டுக் கூட்டத்தில் புதிய செயலவைக்கு வங்கிக் கையெழுத்து அதிகாரத்தை மாற்றிக் கொடுக்கும் அதே நாளில், டொமைன் கணக்கு, புதுப்பிக்கும் தேதி, சிங்பாஸ் பொறுப்பாளர் யார் என்ற மூன்றையும் கூட்டக் குறிப்பில் எழுதிக் கைமாற்றுங்கள்.