மெதுவான ஓட்டத்தில் ஜெயிப்பது யார்?

2004 ஆகஸ்ட் 28. ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் 5000 மீட்டர் இறுதிப் போட்டி. எத்தியோப்பியாவின் கெனெனிசா பெக்கலே மே மாதக் கடைசியில்தான் 12 நிமிடம் 37.35 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்திருந்தார். அவரோடு மோதியவர் மொராக்கோவின் ஹிசாம் எல் கெரூஜ், அடிப்படையில் 1500 மீட்டர்காரர். அந்தத் தூரத்தில் 1998இல் ரோமில் அவர் ஓடிய 3 நிமிடம் 26.00 விநாடிதான் உலக சாதனை. ஆனால் ஒலிம்பிக் மட்டும் அவரை ஏமாற்றிக்கொண்டே இருந்தது. 1996 அட்லாண்டாவில் கடைசிச் சுற்று தொடங்கும்போது தடுக்கி விழுந்தார். 2000 சிட்னியில் வெள்ளி. ஏதென்ஸில் நான்கு நாள் முன்புதான் 1500 மீட்டரில் முதல் தங்கம் கிடைத்திருந்தது.

5000 மீட்டரையும் அவரே வென்றார். நேரம் 13:14.39. பெக்கலே 13:14.59. அதாவது வென்றவரின் நேரம் உலக சாதனையைவிட 37 விநாடி அதிகம்! அந்த மந்தமான வேகம்தான் கெரூஜுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்பேன்.

எந்த ஓட்டக்காரருக்கும் ஓர் எல்லை வேகம் உண்டு. அதற்குக் கீழே ஓடும்வரை, தசை கேட்கும் ஆக்சிஜனை இதயமும் நுரையீரலும் ஈடுகட்டிவிடும், நெடுநேரம் ஓடலாம். எல்லையைத் தாண்டினால் ஆக்சிஜன் தேவை ஓரிடத்தில் நிலைக்காமல் ஏறிக்கொண்டே போகும். போதாததை ஆக்சிஜன் இல்லாமலே கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு உடல் சமாளிக்கும். இது ஒரு கையிருப்பு மாதிரி. எல்லையை எவ்வளவு தாண்டுகிறோமோ அவ்வளவு சீக்கிரம் கரையும். கரையக் கரைய, தசைக்குள் பாஸ்பேட்டும் ஹைட்ரஜன் அயனிகளும் சேர்ந்து கால் கனக்கும். பழியை லாக்டிக் அமிலத்தின் மேல் போடுவது பழைய பழக்கம். உண்மையில் லாக்டேட்டையும் தசை எரிபொருளாக்கிக்கொள்ளும்.

அந்த ஆண்டு பெக்கலே படைத்த 5000, 10000 மீட்டர் சாதனைகளை வைத்துக் கணக்குப் போட்டால், அவருடைய எல்லை வேகம் 400 மீட்டர் சுற்றுக்குச் சுமார் 66 விநாடி. ஏதென்ஸில் சராசரி 63.5, கடைசிப் பாய்ச்சலைக் கழித்தால் இன்னும் மெதுவு. சாதனை ஓட்டத்திலோ ஒரு சுற்று 60.6 விநாடி. ஆக, பெரும்பாலான தூரம் எல்லையை ஒட்டியே கழிந்தது, யாருடைய கையிருப்பும் பெரிதாகக் குறையவில்லை. எல்லோரிடமும் மிச்சம் இருந்தால் கடைசி நேர்கோட்டில் உச்ச வேகம் உள்ளவருக்குத்தான் லாபம். 1500 மீட்டரில் பெக்கலேயின் சிறந்த நேரமே கெரூஜின் சாதனையைவிட ஆறு விநாடிக்கு மேல் பின்தங்கியது.

சரி, பெக்கலே முன்கூட்டியே வேகம் கூட்டியிருக்கலாமே? எட்டு நாள் முன்பு 10000 மீட்டர் ஓடித் தங்கம் வாங்கிய கால்கள் அவை. போதாததற்கு, முன்னால் ஓடுபவர் காற்றைக் கிழிக்க வேண்டும். பின்னால் வருபவருக்கு அந்தச் செலவு குறைவு.

முந்தைய ஆண்டு பாரிஸ் உலகப் போட்டியில் கதை வேறு. சுற்றுக்கு 61.8 விநாடி என வேகமாகப் போன ஓட்டம் அது. கடைசியில் முன்னால் இருந்த கெரூஜை, கென்யாவின் எலியுட் கிப்சோகே கோட்டருகே 0.04 விநாடியில் முந்தினார். பெக்கலே மூன்றாவது.

ஏதென்ஸுக்குப் பிறகு கெரூஜ் ஓடவில்லை, 2006இல் ஓய்வை அறிவித்தார். பெக்கலே 2008 பெய்ஜிங்கில் கடைசிச் சுற்றுக்காகக் காத்திருக்கவில்லை. பல சுற்று முன்பிருந்தே வேகத்தை ஏற்றி, மற்றவர்களின் கையிருப்பைக் காலி செய்து, 12:57.82 என்ற ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் வென்றார்.