கண்டெடுத்த சங்கிலி பதினோரு நாள் பீரோவில் இருந்தால்

போன ஆடித் தள்ளுபடி சமயத்தில் ஓர் இளைஞர் தன் அம்மாவோடு என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். தண்டையார்பேட்டைக்காரர், துறைமுகத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில், கூட்டத்தின் காலடியில் கிடந்த தங்கச் சங்கிலி ஒன்றை எடுத்திருக்கிறார். சுற்றி நின்றவர்களிடம் கேட்டும் யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. ஸ்டேஷனில் கொடுத்துவிடலாம் என்றபோது அம்மா தடுத்திருக்கிறார்: "வேணாம்பா, மீதி எங்கடான்னு உன்னையே கேப்பாங்க." சங்கிலி பீரோவுக்குள் போனது. பன்னிரண்டாம் நாள், துணிக்கடை கேமராப் பதிவை வைத்துப் போலீஸ் வீடு தேடி வந்தது.

அந்தப் பையன் திருடவில்லை, விற்கவில்லை, அடகு வைக்கவும் இல்லை. ஆனால் பதினோரு நாள் சும்மா இருந்ததற்கு அவரிடம் பதில் இல்லை. சங்கிலிக்கு உரியவர் பெரிய மனசு பண்ணினார். வழக்கு வரை போகவில்லை.

புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவு இதைப் பற்றியதுதான். கண்டெடுத்த பொருளைப் பத்திரப்படுத்தவோ உரியவரிடம் சேர்க்கவோ எடுத்தால் குற்றமில்லை என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. உரியவர் யாரென்று தெரிந்தும், அல்லது நியாயமான அளவுக்குத் தேடிப் பார்க்காமலும், தனதாக்கிக்கொண்டால்தான் குற்றம். தண்டனை 6 மாதத்துக்குக் குறையாமல் 2 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவில் வெறும் அபராதத்தோடு முடிக்க வழியிருந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்த வழி இல்லை.

ஆகவே எடுத்த அன்றே கொடுங்கள். வெள்ளைத்தாளில் எந்த இடம், எத்தனை மணி, என்ன பொருள் என்று இரண்டு பிரதி எழுதுங்கள். பணம் என்றால் இன்னொருவரை வைத்துக்கொண்டு எண்ணுங்கள். ஸ்டேஷனில் ஒரு பிரதியைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். அந்த அம்மா பயந்தாரே, அந்தக் கேள்விக்கு இந்தத் தாள்தான் பதில். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலிலோ பிளாட்பாரத்திலோ கிடைத்தால் ஸ்டேஷன் மாஸ்டர் அல்லது ரயில்வே பாதுகாப்புப் படை. மெட்ரோவில் அந்தந்த நிலைய கவுண்டர். மாநகரப் பேருந்தில் கண்டக்டர். வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பதில் தப்பில்லை, ஆனால் நகையின் முழுப் போட்டோவைப் போடாதீர்கள். டாலர் எப்படி இருக்கும், எத்தனை கல் என்று உரிமை கேட்டு வருபவர்தான் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவுப்படி, கண்டெடுத்தவர் அடுத்தவர் பொருளைப் பாதுகாத்து வைத்திருப்பவர். அந்தப் பொறுப்போடுதான் அவர் நடந்துகொள்ள வேண்டும். 'கண்டெடுத்தவனுக்கே சொந்தம்' என்று ஒரு சட்டம் கிடையாது.

சரி, தொலைத்தவர் பக்கம் வருவோம். எனக்கு அதிக வருத்தம் இங்கேதான். காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா கல்மண்டபம் அருகே ஷேர் ஆட்டோவில் சுருக்குப்பையை விட்டுவிட்டார். உள்ளே ஒரு ஜோடி கம்மல், கொஞ்சம் பணம். "கிடைக்கவா போகுது" என்று புகாரே கொடுக்கவில்லை. வேறு ஒரு வேலையாக என்னிடம் வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார். அப்போது நாலு மாதம் தாண்டியிருந்தது. விசாரித்தால், ஆட்டோ ஓட்டுநர் அன்று ராத்திரியே பையை ஸ்டேஷனில் ஒப்படைத்திருக்கிறார்! பையில் பெயரோ போன் நம்பரோ இல்லை, தேடி வந்தவரும் இல்லை. கம்மலைப் பலமுறை அடகு வைத்து மீட்டவர் என்பதால் வீட்டில் பழைய அடகு ரசீதுகள் இருந்தன. அதிலிருந்த எடையும் வர்ணனையும் பொருந்தின. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப்போட்டு வாங்கினோம்.

இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம். உரியவர் தெரியாத பொருளுக்கு மாஜிஸ்திரேட் அறிவிப்பு வெளியிடலாம். அதிலிருந்து 6 மாதத்துக்குள் யாரும் உரிமையை நிரூபிக்காவிட்டால் பொருள் அரசு வசம் போய்விடும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503, 504ஆம் பிரிவுகள் இதைச் சொல்கின்றன. எனவே நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிவிடுங்கள். ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. புத்தகம், மார்க் ஷீட், பாஸ்போர்ட் தொலைந்தால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே பதிவு செய்து அறிக்கையை எடுத்துக்கொள்ளலாம். ஸ்டேஷனுக்கு அலைய வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பறித்துக்கொண்டு போன போனை 'தொலைந்தது' என்று எழுதிக் கொடுக்காதீர்கள். "அப்படியே எழுதும்மா, சீக்கிரம் முடியும்" என்று ஒரு ஸ்டேஷனில் என் கட்சிக்காரரிடமே சொன்னார்கள். அவரும் எழுதிவிட்டார். அந்த ஒரு வார்த்தையால் குற்ற வழக்கே இல்லாமல் போனது. பறித்தது பறித்ததுதான். எஃப்.ஐ.ஆர். கேளுங்கள், அதன் நகல் இலவசம். மறுத்தால் துணை ஆணையருக்கு எழுத்தில் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

போனைப் பொறுத்தவரை முதலில் சிம்மை முடக்குங்கள். அதே எண்ணில் புது சிம் வாங்கியபின், புகார் நகலோடு, தொலைந்த போன்களை முடக்குவதற்கான மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். இணையதளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணைப் பதிந்தால் அந்த போனை இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் பயன்படுத்த முடியாதபடி தடுக்கலாம். கிடைத்துவிட்டால் தடையை நீக்கிக்கொள்ளலாம். அந்த எண் தெரியாமல்தான் பாதிப் பேர் திண்டாடுகிறார்கள். இப்போதே *#06# அழுத்திப் பாருங்கள், எண் திரையில் வரும். வேறு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அப்புறம் நகை. ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய ஹால்மார்க் நகை என்றால் ஆறு இலக்க எண்ணெழுத்துக் குறியீடு ஒன்று பொறித்திருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்து, நகைக்கடை ரசீதின் பின்புறம் அதைக் குறித்து வையுங்கள். ரசீது இல்லாத பழைய நகைக்கு அடகுக்கடைச் சீட்டுகூடச் சாட்சிதான், மீட்டவுடன் கிழித்துப் போடாதீர்கள்.