வகுப்பறையை அளக்கும் வினாநிரல்: பூஜ்ஜியம் எங்கே இருக்கிறது?

கல்வியியலில் ஆய்வு செய்துவரும் வாசகி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "வகுப்பறைக் கற்றல் சூழலை அளக்கும் வினாநிரல் ஒன்று, ஒரு நாட்டில் ஆயிரக்கணக்கான மாணவர்களிடம் சோதிக்கப்பட்டு நம்பகமானது என்று நிறுவப்பட்டிருக்கிறது. அதைக் கவனமாக மொழிபெயர்த்து வேறொரு பண்பாட்டில் பயன்படுத்தும்போது, முதலிலிருந்து மறுபடியும் ஏன் சரிபார்க்க வேண்டும்? வெப்பமானியை நாட்டுக்கு நாடு சரிபார்த்துக்கொண்டா இருக்கிறோம்?"

வெப்பமானியை அவர் எடுத்துக்கொண்டது நல்லதாயிற்று. அவருடைய கேள்விக்கான விடை அதற்குள்ளேயே இருக்கிறது. செல்சியஸ் வெப்பமானி 30 காட்டும் அறையில் ஃபாரன்ஹீட் வெப்பமானி 86 காட்டும். இரண்டும் சரியான கருவிகள். வெப்பம் ஏறினால் இரண்டும் ஏறும், இறங்கினால் இரண்டும் இறங்கும். ஆனால் எது எந்த அளவு என்ற குறிப்பு அழிந்துபோன நிலையில், 86 காட்டும் அறைதான் வெப்பம் மிகுந்தது என்று ஒருவர் முடிவு கட்டினால் என்ன ஆகும்? மனிதர்களின் உணர்வை அளக்கும் வினாநிரல்களில் அந்தக் குறிப்பு ஒருபோதும் எழுதப்பட்டிருப்பதில்லை. அதைக் கண்டுபிடிப்பதே சரிபார்ப்பின் கடினமான பகுதி.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவரின் நடத்தை அவரையும் அவர் இருக்கும் சூழலையும் சேர்ந்தே அமைகிறது என்று 1936இல் உளவியலாளர் குர்ட் லெவின் எழுதினார். வெளியிலிருந்து பார்ப்பவர் காணும் சூழல் வேறு, உள்ளே இருப்பவர் உணரும் சூழல் வேறு என்று 1938இல் இன்னோர் உளவியலாளர் ஹென்றி மரே பிரித்துக் காட்டினார். 1960களின் இறுதியில் ஹெர்பர்ட் வால்பெர்க்கும் ருடால்ஃப் மூஸும் தனித்தனியே இந்தச் சிந்தனையை வினாநிரல்களாக மாற்றும் வேலையைத் தொடங்கினார்கள். ஆண்டு முழுவதும் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர், ஒருநாள் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துச் செல்லும் பார்வையாளரைவிட அந்த வகுப்பை நன்றாக அறிவார் என்பதே இவற்றின் அடிப்படை. இவ்வகையில் மிகப் பரவலாகப் பயன்படுவது, பேரி ஃபிரேசரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1996இல் ஆஸ்திரேலியாவில் உருவாக்கிய 'விஹிக்'. 'இந்த வகுப்பில் என்ன நடக்கிறது?' என்பது அந்தப் பெயரின் விரிவு. 90 கூற்றுகளோடு தொடங்கிய அது, பல சோதனைகளுக்குப் பின் 56 கூற்றுகளாகக் குறைந்தது. மாணவர்களிடையே நட்பு, ஆசிரியரின் ஆதரவு, ஈடுபாடு, ஆராய்ந்தறிதல், பணியில் கவனம், ஒத்துழைப்பு, சமமாக நடத்தப்படுதல் என ஏழு அளவுகோல்கள். ஒவ்வொன்றிலும் எட்டுக் கூற்றுகள். ஒவ்வொரு கூற்றுக்கும் மாணவர் 'அநேகமாக ஒருபோதும் இல்லை' என்பதிலிருந்து 'அநேகமாக எப்போதும்' வரையிலான ஐந்து விடைகளுள் ஒன்றைக் குறிக்க வேண்டும்.

இதை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோகும்போது வழக்கமாகச் செய்யும் வேலைகள் ஆய்வு மாணவர்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. ஒருவர் மொழிபெயர்ப்பார், மூலத்தைப் பார்த்திராத இன்னொருவர் அதைத் திரும்பவும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவார், இரண்டையும் ஒப்பிடுவார்கள். ஒரே அளவுகோலைச் சேர்ந்த எட்டுக் கூற்றுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைக் குரோன்பாக் 1951இல் விளக்கிய ஆல்ஃபா எண்ணால் பார்ப்பார்கள். கூற்றுகள் எதிர்பார்த்த ஏழு கூட்டங்களாகப் பிரிகின்றனவா என்பதைக் காரணிப் பகுப்பாய்வு சொல்லும். ஒரே வகுப்பு மாணவர்களின் விடைகள் ஓரளவு நெருங்கியும், வெவ்வேறு வகுப்புகளின் சராசரிகள் விலகியும் இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். அப்படி இல்லையென்றால், நாம் அளந்தது வகுப்பையா, தனித்தனி மாணவர்களின் மனநிலையையா என்ற ஐயம் வந்துவிடும்.

இந்த வழக்கமான வேலைகளில் முதலாவதிலேயே எவ்வளவு ஆழம் இருக்கிறது என்பதற்கு ஒரு கூற்றை அருகில் வைத்துப் பார்க்கலாம். ஆசிரியர் ஆதரவு என்ற அளவுகோலின் ஒரு கூற்றைச் சொல்லுக்குச் சொல் தமிழில் எழுதினால், 'ஆசிரியர் என்னிடம் தனிப்பட்ட ஆர்வம் காட்டுகிறார்' என்று வரும். இதைத் திரும்பவும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் மூல வாக்கியம் அப்படியே கிடைக்கும். சோதனையில் முழு வெற்றி. ஆனால் தமிழில் அந்த வாக்கியத்தைப் படிக்கும் மாணவிக்கு அது ஆதரவாகத் தோன்றாது, சங்கடமாகத் தோன்றும். சரி, 'தனி அக்கறை காட்டுகிறார்' என்று மாற்றினால்? இப்போது சங்கடம் போய்விட்டது. ஆனால் தனி அக்கறை என்பது மற்றவர்களுக்குக் கிடைக்காத சலுகை என்ற பொருளையும் தரக்கூடியது; அப்படிப் புரிந்துகொண்ட மாணவர், எல்லாரையும் சமமாக நடத்தும் நல்லாசிரியருக்கு இதில் குறைந்த மதிப்பெண் கொடுப்பார். ஆதரவை அளக்க வந்த கூற்று சமத்துவ அளவுகோலுக்கு எதிராகத் திரும்பிவிடும். எதிர்மறைக் கூற்றுகள் இன்னும் சிக்கலானவை. 'ஆசிரியர் என்னைக் கவனிப்பதில்லை' என்ற கூற்றுக்கு 'ஒருபோதும் இல்லை' என்று ஒரு மாணவர் குறித்தால், ஒருபோதும் கவனிப்பதில்லை என்று அவர் ஆமோதிக்கிறாரா, கவனிக்காமல் இருந்ததே இல்லை என்று மறுக்கிறாரா? 'விஹிக்' வினாநிரலில் எல்லாக் கூற்றுகளும் உடன்பாட்டு வாக்கியங்களாகவே இருப்பது இந்த வகையில் பெரிய வசதி.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். பள்ளியில் படித்த நேர்க்கோட்டுச் சமன்பாட்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: ஒரு சாய்வு, ஒரு வெட்டுத்துண்டு. மாணவரின் உள்ளத்தில் இருக்கும் 'எனக்கு ஆதரவு கிடைக்கிறது' என்ற உணர்வைக் கிடையச்சாகவும், ஒரு கூற்றுக்கு அவர் தரும் மதிப்பெண்ணைக் குத்தச்சாகவும் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கூற்றும் ஒரு கோடு. உணர்வு ஓர் அலகு கூடினால் மதிப்பெண் எவ்வளவு கூடும் என்பது சாய்வு. உணர்வு பூஜ்ஜியமாக இருக்கும்போது மதிப்பெண் எந்த உயரத்திலிருந்து தொடங்குகிறது என்பது வெட்டுத்துண்டு. செல்சியஸிலிருந்து ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றும்போது 1.8 ஆல் பெருக்கி 32ஐக் கூட்டுகிறோமே, அந்த 1.8 சாய்வு, 32 வெட்டுத்துண்டு. இரு பண்பாடுகளில் கூற்றுகள் அதே ஏழு கூட்டங்களாகப் பிரிந்தால் வடிவம் ஒன்று என்று பொருள். சாய்வுகளும் சமமானால் அலகு ஒன்று என்று பொருள். வெட்டுத்துண்டுகளும் சமமானால்தான் பூஜ்ஜியம் ஒன்று. அப்போதுதான் இரு நாடுகளின் சராசரிகளை அருகருகே வைத்து ஒப்பிடும் உரிமை நமக்கு வருகிறது. ஒவ்வொரு படியிலும் நிபந்தனையை இறுக்கிக்கொண்டே போய், இந்தக் கோடுகளால் ஆன கணித மாதிரி, திரட்டிய தரவோடு பொருந்தும் அளவு குறிப்பிடத்தக்க வகையில் சரிகிறதா என்று பார்க்கிறார்கள். அந்தப் பொருத்தத்தைச் சொல்லும் எண்ணான ஒப்பீட்டுப் பொருத்தக் குறியீடு 0.01க்கு மேல் சரியக் கூடாது என்று சியுங்கும் ரென்ஸ்வோல்டும் 2002இல் முன்வைத்த வரம்பு இன்று பரவலாகப் பின்பற்றப்படுகிறது.

உள்ளத்து உணர்வை நேரில் பார்க்கவே முடியாதபோது வெட்டுத்துண்டு இடம் மாறியதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மற்ற ஏழு கூற்றுகள்தான் சாட்சி. 'ஆசிரியர் வகுப்பில் நடந்து வந்து என்னோடு பேசுகிறார்' என்பதும் ஆசிரியர் ஆதரவைக் குறிக்கும் எட்டில் ஒன்று. மேசைகள் நெருங்கிக் கிடக்கும், மாணவர் எண்ணிக்கை மிகுந்த வகுப்பில் ஆசிரியர் நடந்து வர இடமே இருக்காது. அங்கே ஒரு மாணவி மற்ற ஏழு கூற்றுகளிலும் உயர்ந்த ஆதரவைக் காட்டியிருப்பாள்; இந்த ஒன்றில் மட்டும் குறைவாகக் குறித்திருப்பாள். சிறிய வகுப்பில், அதே அளவு ஆதரவை உணரும் மாணவி இதிலும் உயர்வாகவே குறித்திருப்பாள். ஒரே உணர்வு, வேறு மதிப்பெண். ஏழும் ஒரே மாதிரி சொல்ல எட்டாவது மட்டும் விலகி நிற்பதால், மாறியது உணர்வல்ல, கூற்றின் பூஜ்ஜியம் என்று கணக்கு நமக்குக் காட்டிவிடுகிறது.

இந்த முறைக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. அதைப் பலர் பேசாமல் கடந்துவிடுகிறார்கள். எட்டுக் கூற்றுகளும் ஒரே அளவு இறங்கினால் என்ன செய்வது? ஒரு கற்பனைக் கணக்கு: முதல் குழுவில் மதிப்பெண் என்பது உணர்வின் 0.8 மடங்கோடு 1ஐக் கூட்டியது. இரண்டாம் குழுவில் அதே 0.8 மடங்கோடு 0.4ஐக் கூட்டியது. உணர்வு இருவருக்கும் 3 என்றால் முதல் குழு 3.4 குறிக்கும், இரண்டாம் குழு 2.8 குறிக்கும். எட்டுக் கூற்றுகளிலும் இதே 0.6 வேறுபாடு வந்தால், இரண்டாம் குழுவின் வகுப்பறைகளில் ஆதரவே குறைவு என்றுதான் கணித மாதிரி சொல்லும். சாட்சிகள் எல்லாரும் சேர்ந்து இடம் மாறிவிட்டார்கள். விலகி நிற்பவர் யாருமில்லை. இது வெறும் கற்பனைச் சிக்கல் அன்று. சீன, ஜப்பானிய மாணவர்கள் விடை வரிசையின் நடுப்புள்ளியையும், அமெரிக்க மாணவர்கள் விளிம்புகளையும் அதிகம் தேர்வதை 1995இல் சென், லீ, ஸ்டீவன்சன் ஆகியோர் காட்டினார்கள். மேலும், மனிதர்கள் தம்மைச் சுற்றியிருப்பவர்களோடு ஒப்பிட்டே மதிப்பிடுகிறார்கள். 'அடிக்கடி' என்ற சொல்லுக்கு எத்தனை முறை என்று யாரும் வரையறுத்துக் கொடுப்பதில்லை.

இந்தப் பின்னணியில் 1999இல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். ஆல்ட்ரிட்ஜ், ஃபிரேசர், ஹுவாங் ஆகிய மூவரும் ஆஸ்திரேலியாவில் 50 வகுப்புகளைச் சேர்ந்த 1081 மாணவர்களுக்கும் தைவானில் 50 வகுப்புகளைச் சேர்ந்த 1879 மாணவர்களுக்கும் 'விஹிக்' வினாநிரலைக் கொடுத்தார்கள். கூற்றுகளின் ஏழு கூட்டங்களும் இரு நாடுகளிலும் நன்றாகப் பிரிந்து வந்தன. ஆஸ்திரேலிய மாணவர்கள் தம் வகுப்பறையைத் தைவான் மாணவர்களைவிட உயர்வாக மதிப்பிட்டார்கள். ஆனால் அறிவியல் பாடத்தின் மீது கூடுதல் விருப்பம் காட்டியவர்கள் தைவான் மாணவர்கள்! எண்களை மட்டும் நம்பியிருந்தால் இது புதிராகவே நின்றிருக்கும். அந்த ஆய்வாளர்கள் வகுப்புகளில் நேரில் அமர்ந்து கவனித்தார்கள், மாணவர்களையும் ஆசிரியர்களையும் சந்தித்துப் பேசினார்கள். கொடுக்கப்பட்ட எண்ணிக்கையை வகுத்துப் பார்த்தாலே, ஒரு வகுப்புக்குச் சராசரியாக ஏறத்தாழ 22 பேர் ஆஸ்திரேலியாவில், 38 பேர் தைவானில் என்று தெரியும். ஆசிரியர் நடந்து வந்து பேசுவதைப் பற்றிய கூற்றை இந்த இரண்டு எண்களோடு சேர்த்துப் படியுங்கள்.

எல்லாச் சாட்சிகளும் சேர்ந்து நகரும் சிக்கலுக்கு வெளியிலிருந்து ஒரு நங்கூரம் வேண்டும். கேரி கிங்கும் சக ஆய்வாளர்களும் அரசியல் ஆய்வுகளுக்காக வகுத்த ஒரு வழியை, 2012ஆம் ஆண்டின் பன்னாட்டு மாணவர் மதிப்பீடான பிசா, ஆசிரியர் ஆதரவை அளக்கப் பயன்படுத்தியது. வழி மிக எளிது. வீட்டுப்பாடம் அடிக்கடி கொடுத்துத் தேர்வுக்கு முன்பே திருத்தித் தரும் ஓர் ஆசிரியர், வாரம் ஒருமுறை கொடுத்துத் தேர்வுக்கு முன் ஒருபோதும் திருத்தித் தராத இன்னோர் ஆசிரியர் என்று சில கற்பனை ஆசிரியர்களை எல்லா நாட்டு மாணவர்களுக்கும் ஒரே மாதிரி அறிமுகப்படுத்தி, அவர்களையும் மதிப்பிடச் சொல்கிறார்கள். ஒரு மாணவர் தன் ஆசிரியருக்கும் அந்த மோசமான கற்பனை ஆசிரியருக்கும் ஒரே உயர்ந்த மதிப்பெண் கொடுத்தால், அவர் கை தாராளமானது. இன்னொருவர் தன் ஆசிரியருக்குக் குறைவாகக் கொடுத்து, மிகச் சிறந்த கற்பனை ஆசிரியருக்கும் அதே மதிப்பெண் கொடுத்தால், அவர் ஆசிரியர் உண்மையில் மேல்நிலையில் இருக்கிறார். கற்பனை ஆசிரியர் மாறவில்லை. ஆகவே மதிப்பெண்ணில் தெரியும் வேறுபாடு மாணவரின் அளவுகோலுக்கு உரியது. உணர்வின் வெப்பமானிக்கு உறைபனியையும் கொதிநீரையும் கொண்டுவந்து வைத்ததைப் போன்ற இந்த உத்தியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மகிழ்ச்சி குறைவதில்லை. இதற்கும் எல்லை உண்டு: கற்பனை ஆசிரியரையும் சொந்த ஆசிரியரையும் மாணவர் ஒரே கோலால் அளக்கிறார் என்ற அனுமானத்தின் மேல்தான் இது நிற்கிறது.

இங்கே என் கருத்தையும் சொல்ல வேண்டும். ஆல்ஃபா 0.7ஐத் தாண்டிவிட்டால் கருவி செல்லுபடியானது என்ற எண்ணம் ஆய்வேடுகளில் ஒரு மூடநம்பிக்கையாகவே ஆகிவிட்டது. ஒரே விஷயத்தை எட்டு விதமாகத் திருப்பிக் கேட்டாலும் ஆல்ஃபா உயரும். பூஜ்ஜியத்தைப் பற்றி அந்த எண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நிதி வழங்குபவர்களும் ஆயிரம் விடைத்தாள்களைத் திரட்டுவதற்குப் பணம் தருகிறார்கள். இருபது மாணவர்களோடு உட்கார்ந்து, ஒவ்வொரு கூற்றையும் படித்தபோது அவர்கள் மனத்தில் என்ன தோன்றியது என்று வாய்விட்டுச் சொல்லக் கேட்கும் வேலைக்குத் தருவதில்லை. அந்த இருபது உரையாடல்களுக்கு ஆகும் செலவு சிறியது. அவை இல்லாமல் திரட்டிய ஆயிரம் விடைத்தாள்கள் எதைச் சொல்கின்றன என்று அறுதியிட முடியாது.

ஆகவே வாசகிக்கு என் விடை இது. உங்கள் ஆய்வு ஒரே பண்பாட்டுக்குள் நின்று, ஆதரவு அதிகமுள்ள வகுப்புகளில் ஆர்வமும் அதிகமா என்று மட்டும் கேட்குமானால், வடிவத்தையும் நம்பகத்தையும் அங்கே மறுபடி நிறுவினால் போதும். தொடர்பின் வலிமையை இரு பண்பாடுகளுக்கு இடையே ஒப்பிட வேண்டுமானால் சாய்வுகள் சமமாக வேண்டும். சராசரிகளை ஒப்பிட விரும்பினால் வெட்டுத்துண்டுகளையும் சோதியுங்கள். முடிந்தால் கற்பனை ஆசிரியர்கள் சிலரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு கூற்றின் வெட்டுத்துண்டு மட்டும் விலகினால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். அந்த ஒன்றைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்து, மற்றவற்றைச் சமமாக வைத்துக் கணக்கிடும் வழி இருக்கிறது. விலகிய கூற்று எது, எந்தப் பக்கம் விலகியது என்பதை ஆய்வேட்டில் தனி அட்டவணையாகக் கொடுங்கள். ஆசிரியர் நடந்து வர முடியாத வகுப்பில் மாணவர்கள் ஆதரவை வேறு எந்த வழியில் பெறுகிறார்கள் என்ற அடுத்த ஆய்வு அந்த அட்டவணையிலிருந்தே தொடங்கலாம்.