இரண்டு துப்பாக்கிக்கு ஒரு தோட்டா

தோட்டா என்றதும் நம்மில் பலருக்குப் பள்ளி வரலாற்றுப் பாடம்தான் நினைவுக்கு வரும்: கொழுப்புத் தடவிய தோட்டாவைக் கடிக்க 1857இல் சிப்பாய்கள் மறுத்த கதை. தோட்டாவை எதற்காகக் கடிக்க வேண்டும் என்று அந்தப் பாடம் விளக்கியதாக எனக்கு நினைவில்லை. அது வெறும் காகிதப் பொட்டலம். உள்ளே கருமருந்தும் ஈயக் குண்டும் இருக்கும். முனையைக் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலின் வாயில் கொட்டி, குண்டைக் கம்பியால் இடித்து இறக்கி, பின்பக்கம் சிறிய செப்புத் தொப்பி ஒன்றைத் தனியாகச் செருக வேண்டும். இவ்வளவும் ஒரே ஒரு முறை சுடுவதற்கு.

அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1873இல், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரிலிருந்த வின்செஸ்டர் நிறுவனம் தன் புதிய ரைபிளோடு ஒரு தோட்டாவையும் வெளியிட்டது. மருந்து, குண்டு, தொப்பி மூன்றும் அதில் ஒரே பித்தளைக் கூட்டுக்குள் அடங்கியிருந்தன. பின்னாளில் அதற்கு நிலைத்த பெயர் ‘44-40’. நிறுவனத்தின் தலைவர் ஆலிவர் வின்செஸ்டர், துப்பாக்கித் தொழிலுக்கு வருமுன் சட்டை தைத்து விற்றவர்.

பெயரில் உள்ள முதல் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். குண்டின் விட்டம் 0.44 அங்குலம் அல்ல, சுமார் 0.427தான். அடுத்த எண் கருமருந்தின் எடை: 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். பொற்கொல்லர் கணக்கில் ஏறக்குறைய இருபது குன்றிமணி. அந்தச் சிறிய அளவு மருந்து, ஒன்றரைச் சவரனுக்குச் சற்று அதிகமான 13 கிராம் ஈயத்தை நொடிக்குச் சுமார் 370 மீட்டர் வேகத்தில் ரைபிள் குழலிலிருந்து வெளியே தள்ளியது. ஒலியைவிடக் கொஞ்சம் வேகம்.

மருந்தில் எப்படித் தீப்பிடிக்கிறது என்பதைத் தீபாவளிக்குப் பொம்மைத் துப்பாக்கியில் பொட்டு வெடி வைத்துச் சுட்ட எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சில வேதிக்கலவைகள் அடிபட்டாலே வெடிக்கும், நெருப்பு தேவையில்லை. அந்தக் காலத்தில் இதற்குப் பயன்பட்டது பாதரசத்திலிருந்து செய்த ஃபல்மினேட் உப்பு. 44-40க்கு முன்பு வந்த ஹென்றி என்ற ரைபிளின் தோட்டாவில் அந்தக் கலவை, கூட்டின் அடியில் மடிந்திருக்கும் விளிம்புக்குள் சுற்றிலும் பூசப்பட்டிருந்தது. விசையை இழுத்ததும் துப்பாக்கியின் ஊசி முன்னால் பாய்ந்து விளிம்பை நசுக்கும், பொறி பறக்கும். ஆனால் விளிம்பு நசுங்க வேண்டுமானால் உலோகம் மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய உலோகமோ அதிக அழுத்தத்தைத் தாங்காது. தோட்டாவின் வலிமையைக் கூட்ட இதுவே முட்டுக்கட்டை. கலவை விளிம்பு முழுவதும் சீராகப் பரவியிருக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஹென்றி ரைபிளின் ஊசிக்கு இரண்டு முனைகள் வைத்திருந்தார்கள் என்பதிலிருந்தே அந்தச் சந்தேகம் தெரிகிறது.

மையவெடித் தோட்டா இந்தச் சிக்கலை அவிழ்த்தது. அடிப்பகுதியின் நடுவில் ஒரு குழி, அதில் பிரைமர் எனப்படும் சிறிய உலோகக் கிண்ணம். மெல்லியதாக இருக்க வேண்டியது அந்தக் கிண்ணம் மட்டுமே; மற்ற அடிப்பகுதியைத் தடிமனாகச் செய்யலாம். ஊசி கிண்ணத்தை அமுக்கும்போது கலவை அதற்கும் உள்ளேயிருக்கும் சிறிய பட்டறைக்கல் போன்ற துண்டுக்கும் இடையில் நசுங்கி வெடிக்கிறது. தீ ஒரு துளை வழியே மருந்துக்குப் பாய்கிறது. சுட்டு முடித்த பின் பழைய கிண்ணத்தைக் குத்தி வெளியேற்றிவிட்டு அதே கூட்டை மறுபடி நிரப்பலாம். கடைக்குப் போகப் பல நாள் பயணம் செய்ய வேண்டியிருந்த அமெரிக்க மேற்குப் பகுதிக்காரருக்கு இது சின்ன விஷயமல்ல. நிரப்பும் கருவிகளையும் வின்செஸ்டரே விற்றது.

இந்த யோசனை வின்செஸ்டருக்கு மட்டும் உரியதல்ல. 1857இல் அவ்வளவு கலவரத்துக்குக் காரணமான அதே என்ஃபீல்டு ரைபிளின் பின்புறத்தை வெட்டித் திறந்து, 1866இல் ஆங்கிலேயர் மையவெடித் தோட்டா போடும் ஸ்னைடர் ரைபிளாக மாற்றியிருந்தார்கள். அதற்குத் தோட்டா வடிவமைத்தவர் எட்வர்டு பாக்ஸர். அதே காலத்தில் அமெரிக்கர் ஹைரம் பெர்டன் வேறொரு பிரைமரை உருவாக்கினார். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவில் நிலைத்தது. அமெரிக்கரின் முறை ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்தது.

ஒரு சிக்கலைத் தீர்த்த பிரைமர் இன்னொன்றைக் கொண்டுவந்தது. 1873 ரைபிளில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இன்னொரு குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பதினைந்து வரை அடங்கும். அதாவது ஒவ்வொரு குண்டின் மூக்கும் முன்னால் இருப்பதன் பிரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும். மூக்கு கூராக இருந்து, துப்பாக்கி அதிர்ந்தால் என்ன ஆகும்? ஆகவேதான் 44-40இன் குண்டு மழுங்கிய தட்டை மூக்கோடு இருக்கிறது.

பித்தளைக்கும் இதில் பங்குண்டு. மருந்து எரியும்போது கூடு விரிந்து துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்னால் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் சற்றுச் சுருங்கி, இழுத்தால் வந்துவிடுகிறது. 44-40 கூட்டின் கழுத்து மிக மெல்லியது. குறைந்த அழுத்தத்திலேயே விரிந்து அடைத்துக்கொள்வதால் கரி பின்பக்கம் அதிகம் படியாது. எரிந்தால் பாதிக்கு மேல் கசடாக மிஞ்சும் கருமருந்துக்கு இது பெரிய வசதி. ஆனால் மறுபடி நிரப்பும்போது அதே மெல்லிய கழுத்து எளிதில் நசுங்கும்.

1878இல் கோல்ட் நிறுவனம் தன் புகழ்பெற்ற ஆறு குண்டு ரிவால்வரை இந்தத் தோட்டாவுக்கு ஏற்பவும் செய்யத் தொடங்கி, ‘ஃபிரான்டியர் சிக்ஸ் ஷூட்டர்’ என்று குழலில் பொறித்தது. இனி இடுப்புவாரில் இரண்டு வகைத் தோட்டா வேண்டாம். எந்தத் துப்பாக்கியைக் கையில் எடுத்தாலும் அதே தோட்டா. 44-40இன் செல்வாக்குக்கு வேகமோ துல்லியமோ காரணமல்ல, இந்த வசதிதான் என்பேன். நீண்ட ரைபிளுக்கு அது சற்று மெலிந்தது, ரிவால்வருக்குச் சற்று முரட்டுத்தனமானது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம்.

அந்தச் சமரசத்தைக் குலைத்தது, கருமருந்தைவிட அதிக அழுத்தம் தரக்கூடிய புகையில்லா வெடிமருந்து. ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டரின் 1892 ரைபிள், பழையதைவிட வலுவானது; அதற்கேற்ப 1903 வாக்கில் அதிவேகத் தோட்டாக்களும் வந்தன. கூடு அதே அளவு, பெயரும் அதே. ஆனால் ரிவால்வரில் போட்டுச் சுட்டால் அது தாங்காது. தோட்டாப் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சிட வேண்டியதாயிற்று. இன்று 44-40 செய்பவர்கள் அழுத்தத்தைத் தாழ்வாகவே வைத்திருக்கிறார்கள்: கருமருந்துக் காலத்து இரும்பால் செய்த பழைய ரைபிளோ ரிவால்வரோ இன்னும் யாருடைய அலமாரியிலாவது இருக்கும், அதிலும் இந்தத் தோட்டா கச்சிதமாகப் பொருந்தும்.